தங்கச்சி மரம்

ஆல்ப்ஸ் மலைக் காட்டை நான் முதலில் பார்த்தது ஜெர்சி சிட்டியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில். அதுவும் எண்களாகத்தான். ஒவ்வொரு வரியும் ஒரு மரம். அதன் எண், எந்த வகை, மார்பு உயரத்தில் அதன் பருமன், உயிரோடு நிற்கிறதா, தானாக விழுந்ததா, வெட்டினார்களா. மேசையின் மீதி இடம் முழுவதும் என் கணவருடையது. இரண்டு மானிட்டர், மடிக்கணினி, எதற்கென்று அவருக்கே தெரியாத ஒயர்கள், எப்போதோ பிரித்த பிஸ்கட் பாக்கெட். அந்த மேசையில் நாங்கள் சாப்பிட்டதே கிடையாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுவோம்.

2004ஆம் ஆண்டு. கணவர் நியூபோர்ட்டில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சார்ந்து வந்தவள் என்று என் விசா சொன்னது. சார்ந்து வந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சமைக்கலாம், படிக்கலாம், காத்திருக்கலாம். ஈரோட்டில் கணினிப் பொறியியல் முடித்து, கோவையில் வேலையும் பார்த்தவள் நான். பட்டியல் போடாமல் எனக்குக் காபிகூட இறங்காது. வந்த புதிதில் ‘செய்ய வேண்டியவை’ என்று ஒன்று எழுதினேன்: நூலக அட்டை, கார் ஓட்டும் டெஸ்ட், குளிர்கால பூட்ஸ், நல்ல புளி கிடைக்கும் கடை, கீழ்த்தளத்து வாஷிங் மெஷின் எந்த நேரத்தில் காலியாக இருக்கும் என்ற விவரம். பட்டியல் தீர்ந்துவிட்டது. குளிர்காலம் தீரவில்லை.

அந்த ஜனவரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள். பொங்கல் என்றால் அலுமினிய டிரேயில் வந்த பொங்கல். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மதுரைப் பக்கத்துக்காரர் என்பது அவர் முந்திரியைத் தேடிக் கரண்டியை விட்டபோதே பேச்சில் தெரிந்துவிட்டது.

“இங்கிட்டு ஒண்ணும் இல்ல, எல்லாம் அங்கிட்டுப் போயிருச்சு” என்றவர், என்னைப் பார்த்து, “நீங்க எந்த ஊரும்மா?” என்றார்.

“ஈரோடுங்க. நீங்க இங்க என்னங்க பண்றீங்க?”

“காடு வளக்குறேன்.”

“இங்கயா? எங்கீங்க?”

“கம்ப்யூட்டர்ல.”

அவர் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் வனவியல் படித்தவர். ஐரோப்பிய மலைச்சரிவு ஒன்றில் குறிப்பிட்ட நிலத்துண்டுகளில் மரத்துக்கு மரம் எண் போட்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை அளந்துகொண்டே வருகிறார்களாம். அந்தக் கணக்கை வைத்து, காடு இனி எப்படி வளரும் என்று பார்க்க ஒரு புரோகிராம். “ஆனா தங்கச்சி, அது காட்டுக் கணக்குல இருபது வருஷம்கூட ஓடாது. இங்கிட்டு எழுப்பினா அங்கிட்டு விழுந்துரும்” என்றார். தட்டில் சாம்பார் விழுவதற்குள் நான் தங்கச்சி ஆகியிருந்தேன்.

“நான் பாக்கட்டுங்களா அண்ணா?”

“சம்பளம் கிடையாதும்மா.”

“சம்பளம் குடுத்தாத்தானுங்க பிரச்சினை.”

இப்படித்தான் நான் அந்த ஆய்வகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். வாரத்தில் சில நாள் ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறி, நியூவார்க்கில் மாறிப் போவேன். பேராசிரியர் நெட்டையான அமெரிக்கர். பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலையேறும் பூட்ஸ். பாக்கெட்டில் எப்போதும் உலர்ந்த ஆப்பிள் துண்டு. முதல் நாளே ஒரு புகைப்படத்தைக் காட்டினார். செங்குத்தான சரிவு முழுக்கக் காடு, அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டு சின்ன ஊர்.

“இந்தக் காட்டை மொத்தமாக வெட்டினால் மேலிருந்து பனி சரிந்து இந்த வீடுகள் மேல் வரும்” என்றார். “தொடாமலே விட்டால் மரங்கள் ஒன்றாகக் கிழடாகி ஒன்றாக விழும். அதனால் அங்கே அவ்வப்போது சில மரங்களை மட்டும் எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில் வெளிச்சம் விழும், கீழே நிற்பவை மேலே வரும். எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதுதான் நம் கேள்வி.”

அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி இருந்தது. பின்னால் நெடிய பெரியப்பாக்கள், நடுவில் தோளுக்கு மேல் தலை நீட்டும் மச்சான்கள், முன்னால் கேமராவைப் பார்க்காத வாண்டுகள். எல்லா வயதும் ஒரே சட்டத்துக்குள். ஒருவரை எடுத்தால் பின்னால் இருப்பவர் முகம் தெரியும்.

எனக்குக் கொடுத்த வேலை இரண்டு. புரோகிராம் ஏன் விழுகிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. அளவுத் தாள்களின் நகல்களைப் பார்த்து எண்களைத் தட்டச்சு செய்வது இன்னொன்று. தாள்களை வீட்டுக்கே கொண்டுவந்தேன். அவற்றில் மரத்தின் பெயருக்குப் பதில் இரண்டிரண்டு எழுத்துகள்தாம் இருந்தன. Fi, Ta, Bu. மொத்தம் மூன்றே வகை. மரங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஊசி இலை மரத்தை ஊட்டியில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு ‘ஊட்டி மரம்’ என்று பெயர்.

பெயர் தெரியாவிட்டால் நடத்தையைப் பார்ப்போம் என்று, ஒவ்வொரு மரமும் ஓர் அளவெடுப்பிலிருந்து அடுத்த அளவெடுப்புக்குள் என்ன ஆனது என்று வரைந்து பார்த்தேன். இரண்டே நாளில் மூன்றுக்கும் மூன்று குணம் என்பது தெரிந்துவிட்டது. மறக்காமல் இருக்க ஆளுக்கொரு பெயர் வைத்தேன்.

அன்று சோபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவர் தாளை எட்டிப் பார்த்தார். அவர் கோபிச்செட்டிபாளையம். வங்கியில் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவார்.

“Ta-ன்னா என்ன அம்முணி?”

“தங்கச்சி.”

“என்னது?”

“பெரிய மரத்துக்கு அடியில நிக்குதுங்க. பத்து வருஷம் கழிச்சு அளந்தாலும் அதே சைஸ். சாகவும் இல்ல, வளரவும் இல்ல. மேல நிக்கறதை வெட்டுனதும் பாருங்க, கிடுகிடுன்னு ஏறிடுது. அக்கா கல்யாணம் முடியற வரைக்கும் தங்கச்சி ஜாதகத்தை வெளிய எடுக்க மாட்டாங்கல்ல, அந்த மாதிரி.”

“எனக்கே கதை சொல்றயா? உங்கக்காவுக்கு மாப்பிள்ளை அமையட்டும்னு என்னையும் சேத்துல்ல காக்க வெச்சீங்க.” ரசத்தை ஊற்றிக்கொண்டார். “அப்ப Fi?”

“ஃபிலிம். வெளிச்சம் கெடைச்சா போதும், எல்லாரையும் தாண்டிப் போய் நின்னு ஃபிலிம் காட்டும். நிழல்ல விட்டா ரொம்ப நாள் தாங்காது.”

“Bu?”

“புருஷன்.”

“புருஷனுக்கு P-ல்ல வரும், இது B.”

“தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பு தானுங்க. இது கெடைக்கற இடத்துல எல்லாம் கிளையைப் பரப்பும். பக்கத்துல ஒருத்தரையும் உக்கார விடாது.”

கணவர் சோபா முழுக்க நீட்டியிருந்த தன் கால்களைப் பார்த்தார். ஒன்றை மட்டும் மடக்கிக்கொண்டார்.

புரோகிராம் விழுவதற்குக் காரணம் சாதாரணமானது. செத்த மரத்தையும் அது அடுத்த வருடம் வளர்க்கப் பார்த்தது. அதைச் சரிசெய்தேன். அதோடு, திரையில் ஒரு மரத்தைத் தொட்டால் அதை வெட்டிவிட்டு மேற்கொண்டு ஓடும்படி ஒரு வசதியும் செய்தேன். மேலிருந்து பார்ப்பது போல ஒவ்வொரு மரமும் ஒரு வட்டம். வருடங்கள் ஓட ஓட வட்டங்கள் பெரிதாகும், சில மறையும், புதிதாகப் புள்ளிகள் முளைக்கும். பேராசிரியர் வந்து நின்று பார்த்தார். உலர்ந்த ஆப்பிள் ஒன்று எனக்கும் கிடைத்தது.

மார்ச் மாதம் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இலையுதிர் பருவத்திலிருந்து குழுவில் ஒரு மாணவருக்கு இடம் இருக்கிறதாம். ஏற்கெனவே விண்ணப்பித்த இருவரும் வனவியல் படித்தவர்கள்.

“நீங்களும் போடலாம். ஆனால் நீங்கள் ஒரு மரப் பாடம்கூடப் படித்ததில்லை. தேர்வுக் குழு அதைத்தான் முதலில் கேட்கும்” என்றார் நேராக. “அடுத்த மாதம் அந்தச் சரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் வன அதிகாரி இங்கே வருகிறார். அவருடைய காட்டை அவருக்கே உங்கள் புரோகிராமில் காட்டுங்கள். இது என் காடுதான் என்று அவர் சொன்னால், குழுவிடம் பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும். சொல்லாவிட்டால் கஷ்டம்.”

இடம் கிடைத்தால் மாணவர் விசா. என் பெயரில் ஓர் அடையாள அட்டை, ஒரு மேசை. கிடைக்காவிட்டால் மறுபடியும் நூலக அட்டையில் தொடங்கும் ஒரு பட்டியல். கணவரிடம் சொன்னேன். “அந்தம்மாவுக்கு முறுக்கு சுட்டுத் தரலாமா?” என்றார். வேண்டாம் என்றேன்.

அடுத்து, என் பகுதியை மதுரை அண்ணாவின் பகுதியோடு சேர்க்க வேண்டும். எந்த மரம் எவ்வளவு நிழல் தாங்கும், வெளிச்சத்தில் எவ்வளவு வேகமாக வளரும் என்ற விதிகளை அவர் புத்தகங்களிலிருந்து எடுத்து எழுதியிருந்தார். அளவுத் தாளில் உள்ள எழுத்துகளையும் அந்த விதிகளையும் இணைக்க ஒரு சின்ன அட்டவணை இருந்தது. அவர் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியது. அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். சேர்த்து, நூறு வருடம் ஓடவிட்டோம். அதுவரை இருபதைத் தாண்டாத புரோகிராம் முதல்முறையாக நூறைத் தொட்டது.

நூறாவது வருடத்தில் காட்டின் நடுப்பகுதி காலியாக இருந்தது. பெரிய மரங்கள் இருந்தன, அடியில் முளைத்த புள்ளிகள் இருந்தன. நடுவில் நிற்க வேண்டியவர்களைக் காணோம். குரூப் போட்டோவில் மச்சான்கள் வரிசையே இல்லை.

“கொஞ்சம் ட்யூன் பண்ணுனா சரியாயிரும்” என்றார் அண்ணா. ட்யூன் பண்ணினார். நடுப்பகுதி இன்னும் காலியானது.

எந்த வகை சாகிறது என்று பிரித்துப் பார்த்தேன். “அண்ணா, தங்கச்சி எல்லாரும் செத்துப்போயிட்டாங்க.”

“யாரு?” என்று பதறி நாற்காலியைத் திருப்பினார்.

“Ta மரம் அண்ணா. அதுதான் நிழல்ல நின்னு காத்திருக்கும். இங்க அது பத்து வருஷத்துல போயிடுது. Fi நிழல்ல ஜம்முனு நிக்குது. தாள்ல இருக்கறதுக்கு அப்படியே தலைகீழ்.”

“அதெப்படி? நிழல் தாங்கறது ஃபர் மரம். எந்த புக்க வேணா எடுத்துப் பாரு. Fi தான ஃபர்? F, I, அப்புறம் R. பீச் மரம் B-யில வருது, அதனால Bu. மிச்சம் இருக்கறது ஸ்ப்ரூஸ். அது Ta.”

“ஸ்ப்ரூஸ்ல T எங்கீங்க அண்ணா இருக்குது?”

அவர் அட்டவணையைத் திறந்தார்.

தேர்வுக் குழு கேட்டால் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அட்டவணை அவருடையது. அதை வைத்து ஓர் அத்தியாயம் பாதி எழுதியிருந்தார். அடுத்த கேள்வியைக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கேட்காவிட்டால் வருகிறவரிடம் காட்டுவதற்குச் செத்த காடு ஒன்றுதான் இருக்கும்.

“அண்ணா, அந்த ஊர்ல இங்கிலீஷ்லயா எழுதுவாங்க?”

“ஜெர்மன்” என்றார் மெதுவாக. பிறகு எழுந்து நூலகத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தடித்த ஆங்கில ஜெர்மன் அகராதியை அலமாரியில் இருந்து எடுத்து, நின்றபடியே புரட்டினார். முதலில் ஃபர். விரலை வைத்து அதற்கான ஜெர்மன் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார். T, A என்று தொடங்கியது. பிறகு ஸ்ப்ரூஸ். F, I என்று தொடங்கியது. இன்னொரு தடவை இரண்டையும் படித்தார், ஏதாவது மாறியிருக்குமா என்பது போல.

“ஆத்தி!” என்றார். சத்தம் போட்டதற்கு நூலகப் பெண்மணி தலையைத் தூக்கிப் பார்த்தார். அவரிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். “எங்கப்பா என்னைய ஆறாங்கிளாஸ்ல கொண்டுபோயி இங்கிலீஷ் மீடியத்துல தள்ளுனாரு பாரு, அவரத் தான் சொல்லணும். F-ஐப் பாத்தா ஃபர்னு தான மூளை ஓடுது! நீ எப்புடிம்மா தப்பிச்ச?”

“நான் அந்த எழுத்தை இங்கிலீஷாப் படிக்கவே இல்லீங்க அண்ணா. Ta-ன்னா தங்கச்சின்னு வெச்சிருந்தேன்.”

காரணத்தைச் சொன்னேன். ஃபிலிமையும் சொன்னேன். புருஷனுக்கு வந்தபோது அவர் புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதி எழுதிய அத்தியாயம் போச்சே என்று நான்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். “போகட்டும். அதுவும் நல்லா வரல” என்றார்.

பேராசிரியரிடமும் அவரே போய்ச் சொன்னார். நான் கதவுக்கு அருகே நின்றேன். பேராசிரியர் அட்டவணையை வாங்கி வெகு நேரம் பார்த்தார். “இதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன், படித்ததில்லை” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு வரிகளை இடம் மாற்றினோம். அவ்வளவுதான் திருத்தம். நூறு வருடம் ஓடவிட்டபோது நடுப்பகுதியில் வட்டங்கள் நின்றன. ஒரு பெரிய ஃபிலிமைத் தொட்டு வெட்டினேன். அடியில் பல வருடம் அசையாமல் நின்ற ஒரு தங்கச்சி, வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென்று மேலே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம்.

வன அதிகாரி வரும் நாளுக்கு ஒரு பட்டியல் போட்டேன். புரொஜெக்டர் ஒயர், மாற்று ஒயர், புரோகிராமின் இரண்டாவது நகல், காட்டிலிருந்து எடுத்த புகைப்படம், பருத்திப் புடவை வேண்டாம் சல்வார் போதும், சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. திருத்தம் செய்தபோது இனிமேல் குழப்பம் வரக் கூடாது என்று, வண்ணங்களுக்கான விளக்கப் பெட்டியில் என் பெயர்களையே போட்டிருந்தேன். அவற்றை மாற்ற வேண்டும் என்பதை நான் எழுதவே இல்லை.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெட்டிய குட்டை முடி, வெயிலில் பழுத்த முகம். அறைக்குள் வந்ததும் ஜன்னல் வழியாக வெளியே நின்ற மரத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நான் விளக்கை அணைத்து, அவருடைய சரிவைச் சுவரில் ஓடவிட்டேன். சரிவைக் கீழிருந்து பார்ப்பவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். வருடங்கள் ஓடின. சுவரின் மூலையில், பெரிய எழுத்தில், ஆங்கில எழுத்துகளில், மூன்று வண்ணங்களுக்கு எதிரே இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அவரும் கவனித்தார். “தன்-கா-சி” என்று படித்தார். “இது எந்த மரம்?”

அண்ணா இருட்டில் என்னைப் பார்த்தார். பேராசிரியர் ஆப்பிள் மெல்வதை நிறுத்தினார்.

மறைக்க வழியில்லை. இது என் மொழியில் தங்கை என்று பொருள்படும் சொல், என்று தொடங்கினேன். எங்கள் பக்கம் அக்காவுக்குத் திருமணம் ஆகும்வரை தங்கைக்குப் பேசமாட்டார்கள். அவள் வீட்டுக்குள் பொறுமையாக இருப்பாள். வளர்ந்துவிட்டாள் என்றே யாருக்கும் தெரியாது. அக்கா புறப்பட்டுப் போனதும் வீட்டில் இவள்தான் தெரிவாள். உங்கள் தாள்களில் Ta அப்படித்தான் நடந்துகொண்டது. எனக்கு அதன் பெயர் தெரியாததால் இந்தப் பெயரை வைத்தேன்.

“ஃபிலிம்?”

“வெளிச்சத்தில் பகட்டுக் காட்டுவது.”

“பு-ரு-ஷன்?”

“ஹஸ்பண்ட்!” என்று என்னை முந்திக்கொண்டு அண்ணா பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். “இடத்தையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும்.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அவருடைய நாற்காலி பின்னால் நகர்ந்தது. “என் வீட்டிலும் ஒரு பீச் மரம் இருக்கிறது” என்றார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, முன்னால் குனிந்தார். “மறுபடியும் முதலிலிருந்து. நடுவில் நிறுத்துங்கள். அந்தப் பெரியதை எடுங்கள். இல்லை, அதற்குப் பக்கத்தில்.”

எடுத்தேன். தங்கச்சி மேலே வந்தாள்.

“ஆம்” என்றார். அடுத்த வாக்கியத்தில், “ஆனால் உங்களிடம் தங்கச்சிகள் மிக அதிகம். மான்கள் எங்கே?”

எனக்குப் புரியவில்லை.

“மான்கள் முதலில் கடிப்பது இந்த மரத்தின் குருத்தைத்தான். ஃபிலிமைத் தொடாது, ஊசி குத்தும். என் சரிவில் தங்கச்சிகள் வெளிச்சத்துக்கு மட்டும் காத்திருக்கவில்லை. மான் வாயிலிருந்தும் தப்பிக்க வேண்டும். உங்கள் காட்டில் மானே இல்லையே.”

புரோகிராமில் மான் இல்லை. யாரும் நினைத்ததில்லை. வனவியல் படித்த அந்த இருவரும் நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது. விளக்கைப் போடலாமா என்று கையைச் சுவிட்ச் பக்கம் கொண்டுபோனேன்.

“அது தவிர, இது என் சரிவுதான்” என்றார் அவர், சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “அந்த மூலை எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்துதான் நான் மத்தியானம் ரொட்டி சாப்பிடுவேன்.”

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். “அப்படியானால் முதல் வருடத்துக்கு மான்” என்றார்.

“யாருடைய முதல் வருடத்துக்கு?” என்று கேட்டேன்.

“உங்களுடையதுதான். குழுவிடம் சொல்ல எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் மரப் பாடம் படித்தே ஆக வேண்டும். இரண்டு.”

விளக்கைப் போட்டேன். அண்ணா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, உதட்டை மட்டும் அசைத்து, “அக்கா கல்யாணம் முடிஞ்சிருச்சு” என்றார்.

நியூவார்க்கில் ரயில் மாறும்போது பிளாட்பாரத்திலிருந்து கணவருக்கு போன் செய்தேன். பக்கத்தில் ரயில் வந்து நின்ற சத்தத்தில் அவருக்குப் பாதி கேட்கவில்லை.

“என்னாச்சு அம்முணி?”

“மான் கெடைச்சிருச்சுங்க!”

“மானா? ஃபர் மரம்னயே. அது கோட்டு தைக்கற மிருகத்து ஃபர் இல்லைனயே.”

“ஏங்க, இடம். இடம் கெடைச்சிருச்சு. மான் என்னோட பிராஜெக்ட்.”

“மானுக்கு ஐரோப்பா வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம நியூ ஜெர்சி ஹைவேல நின்னா தானா வந்து கார்ல முட்டுமே.”

குழு முடிவெடுத்துக் கடிதம் வர மே மாதம் ஆனது. அதற்குள் அண்ணா தன் அத்தியாயத்தைப் புதிதாக எழுதத் தொடங்கி, நன்றாக வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் Ta-வை யாரும் ஃபர் என்று சொல்வதில்லை. அடுத்த வருடம் கலிபோர்னியாவிலிருந்து வந்த புது மாணவன்கூடத் தங்கச்சி என்றுதான் சொன்னான். மான் விஷயத்தில் நான் வாங்கிய அடி தனிக் கதை. ஒரு மான் ஒரு நாளில் எத்தனை குருத்து தின்னும் என்று கேட்டால் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொன்று சொல்கிறது.

ஆனால் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அன்று அந்த போனுக்குப் பிறகு நான் வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது கண்ட காட்சிதான். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி காலியாக இருந்தது. துடைத்திருந்தார். பிஸ்கட் பாக்கெட் இருந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு கறை போகாமல் இருந்தது. ஒரு மானிட்டர் படுக்கையறைக்குப் போயிருந்தது. என் தாள்களை நடுவில் அடுக்கியிருந்தார், அவருக்குத் தெரிந்த வரையில் வரிசையாக. ஜன்னல் வெளிச்சம் நேராக அவற்றின் மேல் விழுந்தது.

“ஒரு கிளையை வெட்டிட்டேன்” என்றார், சோபாவில் கால் நீட்டியபடியே. “வெளிச்சம் வருதான்னு பாரு.”

உட்கார்ந்து பார்த்தேன். வந்தது.

“இன்னொரு மானிட்டர் இருக்குதுங்களே.”

“அம்முணி, மொத்தமா வெட்டுனா பனி சரியும்னு நீதான சொன்ன?”